நீர்ப்பூட்டு

ஒஷாவா. பெப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
தெருவில் நின்று தொலைநோக்கியால் கூரையைப் பார்த்தேன்.
ஒரேயொரு காற்றுக்குழாய்.
அதன் வாயிலும் உறைபனி கட்டி
பத்துச் சதக் காசளவு ஓட்டைதான் மிச்சம்.
சப்பாத்தைக் கழற்றும்போதே தெரியும்,
இந்த வீட்டுக்கு எங்கோ மூச்சு முட்டுகிறது.

வாங்க வந்தவர்கள் நிரோஷினியும் ஜெயரூபனும்.
அவளுக்குக் குசினியின் கல்மேடை பிடித்துவிட்டது.
அவனுக்குக் கராஜ்.
ஏஜன்ட் தவபாலன் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
"பழைய வீடுதானே அண்ணை, சும்மா ஒருக்காப் பாருங்கோ."

மேல் சிங்க்கை விளிம்புவரை நிரப்பி
அடைப்பைப் பிடுங்கினேன்.
முணுமுணுக்காமல் போனது தண்ணீர்.
கீழே டோர்ச் அடித்தால்
ஒருமுறை வளைந்து, சுவருக்குள் படுத்துப் போகும் குழாய்.
சரி போட்டேன்.

பேஸ்மன்ட் படியிலேயே லவெண்டர்.
பகல் பதினொரு மணிக்கு மூன்று மெழுகுதிரி.
எனக்கு லவெண்டரில் நம்பிக்கை இல்லை.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
அரைத் தூக்கத்தில் எழும்பிய கண்களோடு
கட்டில் ஓரத்தில் இருந்தாள் லொர்னா.
அவளுடைய சிங்க்கின் ஓட்டைமேல்
ஒரு சாசர் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஈரத்துணி.
பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர், குடிக்க அல்ல.

எல்லாவற்றையும் தள்ளிவைத்து நிரப்பினேன். விட்டேன்.
முதலில் சுழல். பிறகு அவசரம்.
கடைசியில் அந்தச் சத்தம்:
களக், களக், க்ர்ர்ர்ர்.
ஸ்ட்ரோவால் அடிச் சர்பத்தை உறிஞ்சும் பிள்ளைபோல
குழாய் தன் பூட்டையே குடித்து முடித்தது.

முழங்காலில் இருந்து பார்த்தேன்.
இறங்கி, வளைந்து ஏறி, மறுபடி வளைந்து
நேரே சீமெந்துத் தரைக்குள்.
ஆங்கில எஸ் எழுத்து. யாரோ மச்சான்காரன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிவிட்டுப் போனது.
காற்றுக்கு வழி வைக்கவில்லை.
காற்று வராவிட்டால் ஓடுகிற தண்ணீர்
நிற்கிற தண்ணீரையும் கைபிடித்து இழுத்துப் போகும்.
நிற்க வேண்டியது இரண்டு அங்குலம்.
இந்தக் கட்டிலுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவில்
வேறு கதவு கிடையாது.

"கழுவி முடிய ஒரு கோப்பை ஊற்றுவேன்,
அப்போது மணக்காது," என்றாள் ஆங்கிலத்தில்.
"ஏனென்று தெரியாது."

நான் காசு கட்டி வகுப்பில் கற்றதை
அவள் மூக்கால் கண்டுபிடித்து
நாலு வருடம் காவல் இருந்திருக்கிறாள்.
ஏனென்று சொன்னேன். சிரித்தாள்.
பிறகு கேட்டாள், "இதை எழுதுவீர்களா?"

எழுதினால் இப்படி வரும்:
அடித்தளச் சமையலறை. எஸ் வளைவு.
காற்றுக்குழாய் காணப்படவில்லை.
உரிமம் உள்ள பிளம்பரைக் கொண்டு திருத்தவும்.
அனுமதி உண்டா என நகரசபையில் விசாரிக்கவும்.

அந்தக் கடைசி வரிக்குள் இருக்கிறது
லொர்னாவின் கட்டில்,
அரிசிக் குக்கர், சுவரில் ஒட்டிய மகளின் பட்டமளிப்புப் படம்.

தவபாலன் படியில் நின்றபடி,
"சின்ன விசயம் அண்ணை, ஐம்பது டொலர்ச் சாமான்."
ஜெயரூபனின் உதடு அசைந்தது,
வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தான்.
நிரோஷினி என் டோர்ச்சை வாங்கிக் குனிந்தாள்.
"இதுக்குக் காத்து எங்கால வாறது?"
காலையிலிருந்து அந்த வீட்டைப் பற்றி
ஒருவர் கேட்ட முதல் கேள்வி.

எழுதினேன். ஐந்து வரியும்.
படம் பதினேழு, பதினெட்டு.
வானுக்குள் இருந்து, விரல் விறைக்க.

அதற்கு முன், மற்றவர்கள் மேலே ஏறிய பிறகு,
அவளுடைய கோப்பையை எடுத்து
சிங்க்குக்குள் மெல்ல ஊற்றினேன்.
காலியாக்கியது நான்தானே.
தண்ணீர் போய் வளைவில் அமர்ந்தது,
கேட்டும் கேட்காமலும்.
லொர்னா சாசரைத் திருப்பி அதன் இடத்தில் வைத்தாள்.